தத்துவம் படித்தால் என்ன கிட்டும்?

சென்ற திங்கள் ஒற்றசேகரமங்கலத்தில் நடந்த நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில், நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு வினா எழுந்தது. கூலி பாக்கி, ரேசன் அட்டை, பள்ளிகளில் தமிழாசிரியர் இல்லாக் குறை எல்லாவற்றையும் பேசி முடித்துக் கலையும் நேரத்தில், ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் அண்ணாச்சி ஒருவர் எழுந்தார். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள். அக்ஷயா மையத்தில் உட்கார்ந்து பட்டப்படிப்புச் சேர்க்கை மனுவை நிரப்பியபோது, யாரையும் கேளாமல், முதல் விருப்பமாகத் தத்துவத்தைக் கொடுத்துவிட்டாள். "எம்பிள்ளைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா, இல்ல எனக்குத்தான் வெளங்கலியா? தத்துவம் படிச்சா என்ன கிட்டும்? சங்கம் சொல்லணும்" என்றார்.

சங்கம் சொன்னது. என்ன சொன்னது என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுவோம். ஒருவர் நர்சிங் என்றார். ஒருவர் பாலிடெக்னிக் என்றார். இன்னொருவர், "அதெல்லாம் வயிறு நிறைந்தவர்கள் படிக்கிற படிப்பு" என்று தீர்ப்பே வழங்கிவிட்டார். நாமும் தலையசைத்தோம். அந்தப் பெண் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்; ஒரு சொல்லும் பேசவில்லை. அண்ணாச்சி, "செரி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். வீடு திரும்பிய பிறகுதான் நமக்கு உறுத்தத் தொடங்கியது. நாட்டில் யார் சிந்திக்க வேண்டும், யார் சிந்திக்க வேண்டாம் என்று முதலாளிமார் வகுத்து வைத்திருக்கும் கோட்டை, உழைப்பாளிகளின் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் நாமே அல்லவா அன்று அழுத்திக் கீறினோம்!

நர்சிங் படிப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. நமது வீடுகள் பலவற்றில் அடுப்பு எரிவது அந்தப் பெண்பிள்ளைகளின் சம்பளத்தால்தான். ஆனால் "அது உனக்கு ஏற்ற படிப்பு, இது உனக்கு ஏற்றதல்ல" என்று சொல்லும்போது நாம் வருமானத்தை மட்டுமா சொல்கிறோம்? உன் பிறப்புக்கு இவ்வளவுதான் என்றும் சேர்த்துத்தானே சொல்கிறோம்?

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஒற்றசேகரமங்கலத்திலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அங்கே பாளையத்தில் நிற்கும் பல்கலைக்கழகக் கல்லூரி, அன்று மகாராஜா கல்லூரியாக இருந்தபோது, அதில் தத்துவப் பேராசிரியராக விளங்கியவர் யார்? மதுரைப் பக்கத்திலிருந்து ஆலப்புழைக்குக் குடியேறிய ஒரு தமிழ் வணிகக் குடும்பத்தின் மகன். 1855-இல் ஆலப்புழையில் பிறந்து, இதே கல்லூரியில் படித்து, தத்துவத்தில் எம்.ஏ. பட்டம் பெற்று, தமக்குப் பாடம் சொன்ன டாக்டர் ஹார்வியின் இடத்தில் பின்னர் தாமே பேராசிரியராக அமர்ந்தவர். பெ. சுந்தரம் பிள்ளை என்றால் சிலருக்கு விளங்காது. மனோன்மணீயம் ஆசிரியர் என்றால் எல்லாருக்கும் விளங்கும். 1891-இல் வெளிவந்த அந்த நாடகத்தின் முகப்பிலுள்ள வாழ்த்துப் பாடலைத்தான் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நம் உறவினர் பிள்ளைகள் நாள்தோறும் பாடுகிறார்கள். அதைப் பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு, பாட்டை எழுதியவர் திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்துச் சம்பளம் வாங்கியவர் என்பது தெரியும்? அவர் கலைகளையும் அறிவுத் துறைகளையும் வகைப்படுத்தி "நூற்றொகை விளக்கம்" என்றொரு சிறு நூலைத் தமிழிலேயே எழுதினார். 1897-இல், 42 வயதில் மறைந்தார். அவருடைய மகன் பி.எஸ். நடராஜ பிள்ளை 1954-இல் திருவிதாங்கூர்-கொச்சியின் நிதியமைச்சராகி நிலச் சீர்திருத்த மசோதாக்களைக் கொண்டுவந்தவர். 1962-இல் சுயேச்சையாக நின்று திருவனந்தபுரத்திலிருந்து மக்களவைக்குச் சென்றவர். தகப்பனார் கற்பித்த அறத்துக்கும் மகன் கொண்டுவந்த சட்டத்துக்கும் தொடர்பில்லை என்று யாராவது சொன்னால், நாம் வாதிடப் போவதில்லை, நம்பவும் போவதில்லை.

குடியேறியவர் மகன் ஆசிரியராக நின்ற துறையில், குடியேறியவர் மகள் மாணவியாகப் போய் உட்கார ஆசைப்பட்டால் நமக்கு ஏன் சிரிப்பு வருகிறது?

சுந்தரம் பிள்ளை வணிகர் மகன், நம் பிள்ளைகளோ கூலிக்காரர் பிள்ளைகள் என்று ஒருவர் சொல்லக்கூடும். சரி, நெய்யாற்றின் கரைக்கே வருவோம். நமது ஊரிலிருந்து சில கல் தொலைவில் அருவிப்புறம் இருக்கிறது. 1888-இல் அங்கே நாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவலிங்கமாக நிறுவினார். எந்தச் சாதியார் தெய்வத்தைத் தொடக்கூடாது என்று நூல்கள் விதித்தனவோ, அந்தச் சாதியில் பிறந்தவர் அவர். சாதி வேற்றுமையும் மதப் பகையும் இன்றி எல்லாரும் உடன்பிறந்தாராக வாழும் இடம் இது என்னும் கருத்தை அங்கே எழுதியும் வைத்தார். அவர் தமிழ் கற்றவர். தமிழில் பதிகம் பாடியவர். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் தந்தவர். அத்வைதத்தைப் பலர் படித்தார்கள். எல்லா உயிரிலும் இருப்பது ஒன்றே என்றால் தீண்டாமை எப்படிச் சரியாகும் என்று அந்தத் தத்துவத்தையே எடுத்துக் கேள்வி கேட்டு, கேட்டதோடு நில்லாமல் ஆற்றுக்குள் இறங்கியவர் அவர்.

அதே நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்ஙானூரில் 1863-இல் பிறந்தவர் அய்யன்காளி. அவருக்குப் பள்ளிப் படிப்பே மறுக்கப்பட்டது. எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று விவசாயக் கூலிகளை நிறுத்தி வைத்தவர். கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்ததை உலகம் எங்கும் படிக்கிறோம். எழுத்துக்காக வேலைநிறுத்தம் செய்தது நமது பக்கத்து மண். 1937-இல் காந்தியடிகள் வெங்ஙானூர் வந்தபோது அய்யன்காளி தெரிவித்த ஆசை என்ன? தாம் கண்மூடுமுன் தம் மக்களில் பத்துப் பேராவது பி.ஏ. பட்டம் பெற்றுப் பார்க்க வேண்டும் என்பது. எந்த பி.ஏ. என்று அவர் தரம் பிரிக்கவில்லை.

நம் பழைய நூல் ஒன்றில் இந்தப் பெண்ணைப் போன்ற இன்னொரு பெண் இருக்கிறாள். மணிமேகலை, பல சமயத் தத்துவ ஆசிரியர்களிடம் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். எங்கே? சேர நாட்டுத் தலைநகரான வஞ்சியில். ஆனால் அங்கே போகுமுன் அவளுக்கு ஓர் எச்சரிக்கை கிடைக்கிறது: நீ இளம்பெண், வளையல் அணிந்தவள், உனக்கு யாரும் மெய்ப்பொருளை உரைக்க மாட்டார்கள், ஆகையால் உருவத்தை மாற்றிக்கொண்டு போ என்று. அவளும் ஆண் துறவியின் வடிவத்தில் போய்த்தான் அத்தனை பேரையும் கேட்கிறாள். எத்தனை நூற்றாண்டு கழிந்தது! நம் கூட்டத்தில் நின்ற பெண்ணுக்கும் நாம் அதையேதான் வேறு சொல்லில் சொன்னோம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த மணிமேகலையின் கையில் இருந்தது பசித்தவர்க்கெல்லாம் சோறு வழங்கும் பாத்திரம். உணவும் உடையும் உறைவிடமும் உயிர்களுக்குக் கொடுப்பதே அறம் என்று அரசனுக்குச் சொன்னவளும் அவள்தான். தத்துவம் சோறு போடுமா என்று கேட்கிறவர்கள், சோறு போட்டவளே தத்துவமும் கேட்டாள் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

நம்மில் இடதுசாரித் தோழர்கள் சிலர், தத்துவம் என்பது ஆளும் வர்க்கத்தின் மயக்க மருந்து என்று சொல்வதுண்டு. கார்ல் மார்க்ஸ் 1841-இல் ஜெனா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியது எந்தத் துறையில் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அம்பேத்கர் கொலம்பியாவில் யாரிடம் பாடம் கேட்டார் என்றும் கேளுங்கள். ஜான் டூவி என்னும் தத்துவப் பேராசிரியரிடம். 1936-இல் எழுதிய சாதி ஒழிப்பு நூலில் அந்த ஆசிரியருக்குத் தாம் பட்ட கடனை அம்பேத்கரே குறிப்பிடுகிறார்.

சரி, அந்த வகுப்பறையில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்? நமக்குத் தெரிந்த செய்திகளை வைத்தே சொல்லிப் பார்க்கிறோம்.

கல்குவாரியில் கங்காணி சொல்வதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம்: "இந்தக் கூலிக்குத்தான் எல்லாரும் வருகிறார்கள், ஆகையால் இதுதான் நியாயமான கூலி." இந்தப் பேச்சில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று நம் மனத்துக்குப் படும், வாய் திறந்து சொல்லத் தெரியாது. இருப்பது ஒன்று, இருக்க வேண்டியது வேறொன்று. முன்னதைக் காட்டிப் பின்னதை நிலைநாட்ட முடியாது என்று ஸ்காட்லாந்துக்காரரான ஹியூம் சுமார் 280 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். ஓட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டப் பழக்குவதுதான் அந்தப் படிப்பு.

அடுத்து, 1964 அக்டோபர் 30. நம் வாசகர்களில் சிலருடைய குடும்பக் கதையே அந்தத் தேதியில் திரும்பியது. இலங்கையில் தேயிலைக்கும் ரப்பருக்கும் உழைத்த நாடற்ற தமிழர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம் என்று சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் கையெழுத்திட்டார்கள். அந்த மிச்சத்தையும் 1974-இல் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எவரையேனும் ஒருவரைக் கூப்பிட்டு, நீ எங்கே இருக்க விரும்புகிறாய் என்று கேட்டுவிட்டா அந்த எண்ணிக்கையை எழுதினார்கள்? புனலூரை அடுத்த தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்களிடம் போய்க் கேளுங்கள். மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக நடத்தாதே, அவரவர் தம்மளவிலேயே மதிக்கத்தக்க குறிக்கோள் என்று காண்ட் 1785-இல் எழுதினார். அந்த ஒப்பந்தம் ஏன் தவறு என்று நாம் இத்தனை ஆண்டுகளாக அழுதுதான் சொல்லி வந்திருக்கிறோம். அழாமல், நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் எதிராளி மறுக்க இயலாதபடி சொல்ல ஓர் அறிவு வேண்டாமா?

இப்போது அண்ணாச்சியின் வீட்டுக்கே வருவோம். அவருடைய சாதி தமிழ்நாட்டில் பட்டியல் சாதி. அவருடைய தகப்பனார் வேலை தேடி இங்கே வந்தது 1950-க்குப் பிறகு. பட்டியல் சாதிகளைப் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை 1950-இல் பிறந்தது. அதற்குப் பிறகு மாநிலம் மாறியவர்களுக்கு, தாய் மாநிலத்துச் சலுகை தாய் மாநிலத்தில்தான், குடிபுகுந்த மாநிலத்தில் இல்லை என்பது சட்டம். மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் இதையே உறுதி செய்தது. ஆக, மகள் இந்த மண்ணிலேயே பிறந்து இந்த மண்ணிலேயே படித்தும், கேரளத்தின் பட்டியல் சாதிச் சலுகையைக் கேட்க முடியாது. நீதிமன்றம் சொன்ன காரணத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: ஒரு மாநிலத்தில் ஒடுக்கப்பட்ட சாதி இன்னொரு மாநிலத்தில் அப்படி இருக்க வேண்டுமென்பதில்லை, வெளியார் வந்து உள்ளூர் ஒடுக்கப்பட்டோரின் பங்கைக் குறைத்துவிடக் கூடாது. இது அற்பமான வாதமல்ல. இங்குள்ள ஒடுக்கப்பட்ட மக்களின் தட்டிலிருந்து எடுத்து உண்ண நாமும் விரும்பவில்லை. ஆயினும், களியக்காவிளையைக் கடந்து வரும்போது ஒருவனுடைய வறுமை கூடவே வருகிறது, இழிவு கூடவே வருகிறது, பரிகாரம் மட்டும் எல்லையிலேயே நின்றுவிடுகிறது என்றால், அதற்கு என்ன பெயர்?

1971-இல் ஜான் ரால்ஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் "நீதி பற்றிய ஒரு கோட்பாடு" என்ற நூலில் ஒரு வழி சொன்னார். சமுதாயத்தின் விதிகளை எழுத உட்காருகிறவர்கள், தாங்கள் அதில் யாராகப் பிறக்கப் போகிறோம் என்பதை அறியாதபடி ஒரு திரைக்குப் பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்; அந்த நிலையில் எந்த விதிக்கு அவர்கள் ஒப்புக்கொள்வார்களோ, அதுவே நீதி என்றார். நம் ஊருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். களியக்காவிளைக்குக் கிழக்கே பிறப்பேனா மேற்கே பிறப்பேனா, என் தாத்தா 1949-இல் வந்தவரா 1951-இல் வந்தவரா என்று தெரியாத ஒருவரிடம் இந்த விதியை எழுதச் சொன்னால், இப்படியே எழுதுவாரா? எழுதுவார் என்றும் சிலர் வாதிடலாம். எழுத மாட்டார் என்பது நம் எண்ணம். அந்த வாதத்தை முறைப்படி நடத்தக் கற்ற ஒருவர் நம் வீடுகளில் இதுவரை இல்லை. 1956 நவம்பர் 1-இல் எல்லையை வகுத்தபோதும், நெய்யாற்றின்கரையையும் சேர்த்துக் கேட்ட நமக்காகத் தெருவில் முழக்கமிட ஆள் இருந்தது, உயிர் கொடுக்கவும் ஆள் இருந்தது. வரைபடத்தின் முன்னே உட்கார்ந்து பேசியவர்களோ வேறு மனிதர்கள்.

பிழைப்பைப் பற்றிய கேள்வியை நாம் ஒதுக்கிவிட்டு ஓடவில்லை. தத்துவத்தில் பி.ஏ. வாங்கிய மறுநாள் வேலை வீடு தேடி வராது. ஆனால் பட்டம் போதும் என்கிற அரசுத் தேர்வுகள் அத்தனைக்கும் இந்தப் பட்டமும் பட்டம்தான். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் தத்துவம் ஒரு விருப்பப் பாடம். போதாக்குறைக்கு, 2013 முதல் அறவியலுக்கென்றே 250 மதிப்பெண்ணில் ஒரு தாள், எந்தப் படிப்புப் படித்துவிட்டு வந்தாலும் எல்லாரும் எழுதியாக வேண்டும். நாட்டை ஆளப் போகிறவர்களுக்கு அறவியல் கட்டாயம், ஆளப்படுகிறவர்களுக்கு அது வேண்டாத வேலையா? சட்டம் படிக்கலாம், ஆசிரியராகலாம், பத்திரிகைக்குப் போகலாம். கேரளத்தில் 2024 முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்துவிட்டது. மூன்றாம் ஆண்டிலேயே பட்டத்துடன் வெளியேறவும் வழி உண்டு. பால்வெட்டும் வீட்டுக்கு அந்த ஓராண்டு பெரிய ஆண்டு என்பது நமக்குத் தெரியாததல்ல.

பல்கலைக்கழகங்கள் மீதும் நமக்குக் குறை உண்டு. நாம் அறிந்தவரை, தேர்வுக்கு முதல்நாள் கைடு புத்தகத்தை வாங்கி, சிறுகுறிப்பு வரைக என்பதற்குப் பதில் எழுதித் தேறிவிட்டுப் போகிறவர்கள் இந்தத் துறையிலும் உண்டு. அறவியல் தாளில் முழு மதிப்பெண் வாங்கியவர் வரதட்சணை வாங்கினார் என்று கேட்டால் வியப்பதற்கில்லை. குறளின் அறத்துப்பாலில் 38 அதிகாரங்கள் இருக்கின்றன. நீலகேசியும் மணிமேகலையும் தருக்கம் பேசுகின்றன. இவற்றைத் தமிழ்த் துறை இலக்கியம் என்று படிக்கிறது, தத்துவத் துறை தமிழ் என்று தள்ளிவைக்கிறது. திருவனந்தபுரம் கல்லூரியில் இரண்டு துறைகளும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. சுந்தரம் பிள்ளை நடந்த தாழ்வாரத்தில், இவை இரண்டும் சந்தித்துப் பேச இன்னும் எத்தனை காலம் வேண்டும்?

புத்தகங்களைப் பற்றியும் ஒரு சொல். ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்தது ஏன் என்பதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். வசதியற்ற வீடு, பட்டம் முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார், வாங்கப் பணமில்லாதவருக்குப் புத்தகம் இருக்கிற பாடமே பாடமாயிற்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1908-இல் எம்.ஏ. பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வே வேதாந்தத்தின் அறவியலைப் பற்றியது. பழைய புத்தகம் ஒன்று கைமாறியதில் விளைந்தது அது. நம் வாசகர் வீடுகளில், அண்ணனோ அக்காளோ படித்துவிட்டுப் பரணில் போட்ட தத்துவ, தருக்க நூல்கள் இருந்தால், தமிழோ மலையாளமோ ஆங்கிலமோ, கரையான் தின்னுமுன் சங்கத்துக்குக் கொடுத்தனுப்புங்கள். எழுதியிருக்கிறது, கிழிந்திருக்கிறது என்று கூச வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்துவிட்டதாக அறிகிறோம். மனுவில் முதல் விருப்பத்தை அண்ணாச்சி மாற்றச் சொல்லவில்லையாம். ஏன் என்று கேட்டதற்கு, "அவளே எழுதினத நான் எப்படி வெட்ட" என்று மட்டும் சொன்னார். விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர், மகளைக் காலையில் முதல் பேருந்தில் ஏற்றிவிட இனி யாரை அனுப்புவது என்பதே இப்போது அவருடைய கவலை.

வரும் இரண்டாவது ஞாயிறு மாலை 4 மணிக்கு மாதக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் முதலாவது, சென்ற கூட்டத்தில் அண்ணாச்சிக்கு நாம் சொன்ன பதிலைத் திரும்பப் பெறுவது. இரண்டாவது, பேருந்தின் மாணவர் சலுகைச் சீட்டுக்கும் முதல் பருவக் கட்டணத்துக்கும் சங்க நிதியிலிருந்து எடுப்பது. ரேசன் அட்டைப் பிரச்சினை மூன்றாவதாக வரும். அதற்கு மனு கொடுத்தவர்கள் ரசீதைக் கையோடு கொண்டுவரவும்.